நூறு சதவீத நகரம்

நகரத்தின் எல்லாத் தெருக்களுக்கும் சக்கர நாற்காலி போகும் என்று ரயில் நிலையத்தில் கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருந்தார்கள். அங்கே இரவல் கொடுத்த, தானாக ஓடும் நாற்காலியில் உட்கார்ந்து, அக்கா வீட்டு முகவரியைச் சொன்னேன்.

"அப்படி ஒரு தெருவே இல்லை" என்றது நாற்காலி.

'நூறு சதவீத நகரம்' என்ற விருது வாங்குவதற்காக, படி உள்ள தெருக்களை எல்லாம் வரைபடத்திலிருந்து அழித்துவிட்டார்களாம். படியை இடிப்பதைவிட இது சுலபம் அல்லவா! எவ்வளவு பெரிய மூளை!

பக்கத்துக் கடைவீதியைச் சொல்லித் தெருமுனைவரை வந்துவிட்டேன். அங்கே மூன்றே மூன்று படிகள். மேல்படியில் செண்பகவல்லி அக்கா கறிதோசைத் தட்டோடு நின்றாள். ஏழு வருடம் கழித்து இப்போதுதான் அவளைப் பார்க்கிறேன்.

"என்னடா அங்கிட்டே நிக்கிற? உங்க மச்சான் பலகை போட்டிருக்காரு பாரு, ஏறி வா."

"வரைபடத்தின்படி எதிரே சுவர் உள்ளது" என்றது நாற்காலி.

"சுவரா? அந்தச் சுவரு கையில கறிதோசை வச்சிருக்கு, தெரியலையா?" என்று கத்தினேன்.

அக்கா படியில் உட்கார்ந்து, ஒரு துண்டைப் பிய்த்து ஊதி என் பக்கம் நீட்டினாள். நான் எட்டி வாயைத் திறந்தேன். தோசை உதட்டில் படுவதற்குள் நாற்காலி சட்டென்று திரும்பி ஓடத் தொடங்கியது.

"ஏய், எங்க போற?"

"சுவரோடு பேசுகிறீர்கள். சுவர் ஊட்டிவிடும் என்று வாயையும் திறக்கிறீர்கள்" என்றது அது, மிகுந்த கனிவோடு. "மனநல மருத்துவமனைக்குப் போகிறோம். கவலைப்படாதீர்கள், அங்கே படியே கிடையாது."