சிரிப்புப் படி

அந்த மின்சாதனக் கடையில் சிரிப்பின் விலை மாதம் எண்ணூறு. சம்பளச் சீட்டில் ‘சிரிப்புப் படி’ என்றே தனி வரி உண்டு. அதைக் கண்டுபிடித்த முதலாளி சிரித்து யாரும் பார்த்ததில்லை.

கடுகின் சீட்டில் அந்த வரியை மேலாளர் சிவப்புப் பேனாவால் அடித்தார். ஃபேன் சுற்றவில்லை, மெஷின் ஓடவில்லை என்று கத்திக்கொண்டு வருகிறவர்களுக்குப் பதில் சொல்லும் புகார் கவுண்டர் அவளுடையது. யார் எகிறினாலும் பதிலுக்கு வெடிப்பாள். அதனால் அந்தப் பெயர்.

பக்கத்து நாற்காலி சர்க்கரைக்கு. முகத்தில் பில்லை விட்டெறிந்தாலும் “உக்காருங்க சார், பாத்துடலாம்” என்பாள். மூன்று வருடத்தில் ஒரு நாள் லீவு போட்டதில்லை, ஒரு மாதமும் படியை விட்டதில்லை.

மேலாளர் தன் அறையின் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் கை காட்டினார். “பாரு, இப்பகூட எழுந்து போறா. எதுக்கு? மூஞ்சி கழுவ. கழுவிட்டுப் பளிச்சுனு வந்து உக்காருவா. அது தொழில் பக்தி.”

கடுகு அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள். பேசுகிறவன் முகத்தைப் பார்க்கத் தெரியாதா என்று மேலாளர் எரிந்து விழுந்தார். படி எதற்கு, வேலையே எதற்கு என்று ஆரம்பித்து, முன்பு வேலையை விட்டு நின்றவர்களின் வரலாறு முழுவதையும் நிதானமாகச் சொல்லி முடித்தார்.

நடுவில் இரண்டு முறை, அவசரமாகப் போக வேண்டும் என்றாள் கடுகு. இரண்டு முறையும் கையமர்த்தினார். பிறகு, கேமராவை ஓட்டிப் பார்த்து எழுதிய தாளை எடுத்து மேஜையில் போட்டார். காலையிலிருந்து ஏழு தடவை கடுகு நாற்காலியில் இல்லை. ஏழு தடவையும் பெண்கள் கழிவறை வாசலில், சுவரில் சாய்ந்தபடி.

“அங்க என்ன, காவலா காக்கிற?”

“ஆமா சார்.” பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். “சர்க்கரை அக்கா உள்ள அழுது முடிக்கிற வரைக்கும். நான் வெளியில நின்னாத்தான் தாழ்ப்பாள் போடாம இருப்பா. போட்டுட்டா என்ன பண்ணிக்குவாளோன்னு பயம். யார்கிட்டயும் மூச்சு விடாதேன்னு சத்தியம் வாங்கியிருக்கா.”

மேலாளர் திரும்பிப் பார்த்தார். கவுண்டரில் வரிசை நீண்டிருந்தது. இரண்டு நாற்காலிகளும் காலி.

கடுகு அதற்குள் கதவைத் திறந்திருந்தாள்.

“ஏழு தடவை அங்க நின்னேன். எட்டாவது தடவைக்கு என்னை இங்க நிக்க வச்சுட்டீங்க.”