தனி வாணலி

"இந்தக் குழம்புல வேர்க்கடலை அரைச்சுப் போட்டிருக்கா தம்பி?"

"இல்லம்மா."

"எந்த எண்ணெயில தாளிச்சது?"

சர்வர் மேல பார்த்தார். ஃபேன் பதில் சொல்லல.

டேபிளைச் சுத்தி எல்லாரும் பெருமூச்சு விட்டாங்க. டூர் கிளம்பின மறுநாள்லேருந்து ஒவ்வொரு ஹோட்டல்லயும் இதே கூத்து. அந்த அம்மாவுக்கு வேன்ல 'விசாரணைக் கமிஷன்'னு பேரே வெச்சாச்சு.

"எனக்குக் கடலை ஆகாதுப்பா. ஒரு துணுக்கு உள்ள போனா தொண்டை அடைச்சுக்கும். அப்புறம் உங்க வாசல்ல ஆம்புலன்ஸ்தான் நிக்கும். முதலாளியக் கூப்பிடு."

டூர்ல கூட வந்த பேங்க்காரருக்குப் பொறுக்கல.

"ஏம்மா, நீங்க மட்டும் ரெண்டு பழம் சாப்பிட்டுக்கக் கூடாதா? உங்க ஒரு தொண்டைக்காக எங்க எல்லார் வயிறும் காயணுமா?"

"காயட்டும் சார். உங்க வயித்துக்கும் ஒரு மாறுதல் வேணாமா?"

டேபிளே சிரிச்சுது. பேங்க்காரர் தொப்பைய உள்ள இழுத்துக்கிட்டார். அந்த அம்மாவுக்குப் பக்கத்து சீட்டு ஜிம் மாஸ்டர் மட்டும் சிரிக்கல. நாளைக்குப் பரீட்சை மாதிரி மெனு கார்டையே படிச்சுக்கிட்டிருந்தார்.

முதலாளி வந்தார்.

"இங்க எல்லாமே கடலை எண்ணெய்தாம்மா. ஒருத்தருக்காகத் தனியா சமைக்க முடியாது."

"ஒருத்தருக்கு யாரு கேட்டா? எங்க டேபிள் மொத்தத்துக்கும் தனி வாணலி, வேற எண்ணெய், கழுவின கரண்டி. முடியலேன்னா மொத்த வேனும் எதிர்க்கடைக்குப் போகும். டிரைவர், வண்டிய எடுப்பா."

டிரைவர் தண்ணி டம்ளரோட எந்திரிச்சார்.

முதலாளி எதிர்க்கடையப் பார்த்தார். வேனைப் பார்த்தார். "உள்ள வாங்கம்மா"ன்னார்.

அந்த அம்மா அடுப்படியில போய் நின்னாங்க. வாணலிய மறுபடி கழுவ வெச்சாங்க. புது எண்ணெய் பாட்டில் மூடிய அவங்களே திருகினாங்க.

சாப்பாடு ஆவி பறக்க வந்துது. காயட்டும்னு விட்ட பேங்க்காரர் வயிறு மூணு தடவை கேட்டு வாங்கிச்சு. முதல் நாள் 'டயட்'னு வாழைப்பழத்தோட உக்காந்திருந்த ஜிம் மாஸ்டர், டயட்டை எந்த ஊர்ல தொலைச்சாரோ, தட்டைத் தேய்க்க வேலையில்லாம துடைச்சு வெச்சார்.

அடுத்த பெட்ரோல் பங்க்ல வண்டி நின்னுது. டிரைவர் காத்து பிடிக்கிற ரூம் பின்னாடி போனார். அங்க அந்த அம்மா காகிதப் பொட்டலத்தைப் பிரிச்சு வெச்சுக்கிட்டு வறுத்த வேர்க்கடலையைத் தின்னுக்கிட்டிருந்தாங்க.

"என்னம்மா இது? தொண்டை அடைச்சுக்கும்னீங்க?"

அவங்க பதறல. தோலை ஊதிட்டு இன்னொண்ணைப் போட்டாங்க.

"அடைச்சுக்கும்தான். என் தொண்டை இல்ல, ஜிம் மாஸ்டர் தொண்டை."

"அவருக்கா? அந்த உடம்புக்கா?"

"அந்த உடம்புதான் வில்லங்கமே. எங்கயோ சாப்பிடப் போய்க் கடலை ஆகாதுன்னு சொல்லியிருக்கான். 'இவ்ளோ உடம்ப வெச்சுக்கிட்டு கடலைக்குப் பயமா'ன்னு கடையே சிரிச்சிருக்கு. அதுலேருந்து வாயே திறக்கறதில்ல, பட்டினி. முதல் நாள் பக்கத்து சீட்டுல அவன் வயிறு போட்ட சத்தத்துல எனக்குத் தூக்கமே போச்சு. நோண்டி நோண்டிக் கேட்டேன், சொன்னான்."

"அதுக்கு நீங்க ஏம்மா பேச்சு வாங்கணும்?"

"நான் பஸ் கண்டக்டரா இருந்து ரிட்டயர் ஆனவப்பா. பஸ் நிறைய ஆளுங்க திட்டித் திட்டி எனக்குக் காது காய்ச்சுப் போச்சு. அவனுக்கு இன்னும் பழகல."

வேன்லேருந்து பேங்க்காரர் குரல் வந்துது. "விசாரணைக் கமிஷன் எங்கப்பா?"

அவங்க பொட்டலத்தை மடிச்சுக் குப்பைத்தொட்டியில போட்டாங்க. துணியில ஒட்டின தோலையெல்லாம் ஒண்ணு விடாம உதறினாங்க.

"வண்டி ரகசியம் டிரைவருக்குத் தெரியலாம். பேங்க்காரருக்குத் தெரியக் கூடாது, ஆமா. இப்ப சோப்பு எங்க இருக்குன்னு காட்டு. கைய நல்லாக் கழுவி வாயக் கொப்புளிச்சிட்டு வரேன். அவன் பக்கத்துல உக்காரணும்ல."