ஞாயிற்றுக்கிழமைக் குலுக்கல்

"இந்த வாரமும் தாடிதான்" என்றார் டீம் லீடர், லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமல்.

ஞாயிற்றுக்கிழமை டூட்டி யாருக்கு என்று வாராவாரம் குலுக்கல். லீடரையும் சேர்த்து ஆறு பேரில் ஒருவர் பெயரைக் கம்ப்யூட்டர் எடுத்துக் கொடுக்கும். கொஞ்ச காலமாக அது தாடிக்காரரை விட்டு நகரவே இல்லை. அவருக்கு நேரம் சரியில்லை என்று மற்றவர்கள் முடிவு கட்டியிருந்தார்கள்.

"சார், ஞாயித்துக்கிழமை மட்டும்தான் பாப்பாவை என்கூட அனுப்புவாங்க. கோர்ட்டு உத்தரவு அப்படி. அவ முகத்தைப் பாத்து ரெண்டு மாசமாச்சு."

"மெஷினுக்கு வேண்டியவன் வேண்டாதவன் கிடையாது. வந்தா வந்ததுதான்."

மற்றவர்கள் திடீரென்று வேலையில் மூழ்கினார்கள். இரக்கம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமையை விட்டுக்கொடுக்கும் அளவுக்கு இல்லை.

புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்குத்தான் பொறுக்கவில்லை. இந்த மனுஷனுக்கு நெஞ்சில் ஈரமே கிடையாதா? சாப்பிடக்கூடப் போகாமல் குலுக்கல் புரோகிராமைக் குடைந்தவள், நேராக லீடர் முன்னால் போய் நின்றாள்.

"சார், மெஷின் நியாயமா எடுக்கல."

"எப்படி?"

"பட்டனைத் தட்டினா கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு குட்டி வர்ச்சுவல் மெஷின் எழுந்து, பேரை எடுத்துக் குடுத்துட்டு மறைஞ்சு போயிடுது. அது சட்டுனு எழுந்திருக்கணும்னு முன்னாடியே ஒரு நகல் எடுத்து உறைய வெச்சிருக்கோம். வாராவாரம் அதே நகல்தான் எழுந்திருக்குது. சீட்டுக்கட்டை ஒரே ஒரு தடவை குலுக்கி பீரோவுல பூட்டிட்டு, எப்பவும் மேல் சீட்டையே எடுத்துப் பாத்தா வேற பேரா சார் வரும்?"

லீடர் தாடையைத் தடவினார். ஒரு வருத்தமாவது சொல்வார் என்று எதிர்பார்த்தாள்.

"சரிபண்ணு" என்றார்.

"பண்ணிட்டேன் சார். இனிமே ஒவ்வொரு தடவையும் எழுந்த பிறகுதான் குலுக்கும்."

"எல்லாரையும் கூப்பிடு. மறுபடி எடுப்போம்."

எல்லாரும் எதிரே வந்து நின்றார்கள். லீடர் தன் லேப்டாப்பில் பட்டனைத் தட்டினார். பார்த்தார்.

"என் பேர்."

சிரிப்பு அடங்க நேரமானது.

"வந்தா வந்ததுதான் சார்" என்றார் ஒருவர்.

"மெஷினுக்கு வேண்டியவங்க வேண்டாதவங்க கிடையாதாமே" என்றார் இன்னொருவர்.

தாடிக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. மகளுக்குப் போன் போட வெளியே ஓடினார். "அப்பா வரேண்டா" என்பதற்குள் அவர் குரல் உடைந்தது உள்ளே வரைக்கும் கேட்டது.

"போய் வேலையைப் பாருங்க" என்று எரிந்து விழுந்துவிட்டு, லீடரும் போனோடு ஜன்னலோரம் போனார். "ஞாயித்துக்கிழமை உங்க அம்மா வீட்டுக்கு நீ மட்டும் போயிட்டு வா. எனக்கு டூட்டி... நான் என்ன பண்ண? மெஷின் எடுத்துருச்சு."

நன்றாக வேண்டும் என்று நினைத்துக்கொண்டே, தான் செய்த திருத்தம் ஒழுங்காக ஓடியதா என்று அவர் லேப்டாப்பை எட்டிப் பார்த்தாள் அந்தப் பெண்.

திருத்தத்தில் ஒரு குறையும் இல்லை. இந்தத் தடவை மெஷின் நியாயமாகவே குலுக்கி, தாடிக்காரர் பெயரைத்தான் எடுத்திருந்தது.