பேப்பரில் வந்த ஓடை

“மோந்து பாருங்க தொரை, தவள செத்த நாத்தம்!” பஞ்சவர்ணம் குடத்தை நீட்டினாள். தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்து ஓடையைத் தன் பங்களாவுக்குத் திருப்பிவிட்டிருந்த தோட்டத்துத் துரை, மூக்கைப் பொத்திக்கொண்டு முகத்தைத் திருப்பினார்.

வீட்டுச் சுவர் ஓட்டையை மறைக்க அவள் ஒட்டியிருந்த தமிழ்ப் பேப்பர் அவர் கண்ணில் பட்டது. கறுப்பு வெள்ளைப் படம். வறண்ட ஓடைத் தடம், கூழாங்கற்கள். தமிழ் வாசிக்கத் தெரியாத துரை வெளிறிப்போனார்.

“இது நம்ம ஓடைதானே! யார் பேப்பருக்குக் குடுத்தது?”

“தெரியாதுங்க.”

“ஐயோ, யாருக்கும் காட்டாதே! நாளைக்கே தண்ணி திறந்துவிடுறேன்.”

அவர் போனதும் மகள் ஷாமிளா படத்தின் அடியில் இருந்ததை வாசித்தாள்: “செவ்வாய்க் கிரகத்தில் பல கோடி ஆண்டுகளுக்கு முன் நீர் ஓடிய தடம்.”

பஞ்சவர்ணம் காறித் துப்பினாள்.

“தூ! மனுசங்க நாங்க கத்தினது கேக்கல. ஆளே இல்லாத ஊரு ஓடைக்குப் பயந்துட்டான்!”