மதியத்துக்கு மேல்

கல்லூரி முதலாண்டில் விருப்பப் பாடங்களைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது லிங்கேஷுக்கு எந்தப் பாடத்தின் மீதும் விருப்பமில்லை. மதியத்துக்குள் முடிந்துவிடுமா என்று மட்டும் பார்த்தான். படுத்த படுக்கையாக இருந்த அம்மாவை வீட்டுக்குப் போய்ப் புரட்டிப் படுக்கவைத்துக் கஞ்சி ஊட்ட வேண்டும். இதற்கு மேல் சுமை தாங்காது என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கட்டியதில் மிஞ்சியது மண்புழு வளர்ப்பு.

"மண்புழு மேல அவ்வளவு ஆசையாப்பா?" என்று கேட்டார் வகுப்பாசிரியை ஜெசிந்தா மேடம்.

"ஆமா மேடம். சாதுவான ஜீவன்."

வகுப்பே சிரித்தது.

பாடம் மாற்றிக்கொள்வதற்கான கடைசி நாளில், மொட்டைத் தலையோடு அவர் மேசை முன் வந்து நின்றான்.

"ரொம்ப நாளா ஆளையே காணோம். திருப்பதியா? லட்டு எங்கடா?"

"லட்டு இல்ல மேடம். சாயங்காலம் வரைக்கும் என்னென்ன கிளாஸ் இருக்கோ, எல்லாத்துலயும் சேத்துவிடுங்க."

"முதல் வருஷமே முதுகு ஒடிஞ்சிரும். மத்தியானம் ஆனா வீட்டுக்கு ஓடுற ஆளாச்சே நீ?"

"இனிமே மத்தியானத்துல எனக்கு வேலை இல்ல மேடம்."

மேடம் அவன் தலையை மறுபடி பார்த்தார். பிறகு கணினியில் மாலை வகுப்புகளைச் சேர்த்துக்கொண்டே போனார், பெண்கள் மட்டுமே இருந்த தையல் வகுப்பு உட்பட. அவன் மறுக்கவில்லை.

மதிய மணி அடித்தது. லிங்கேஷ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல் வரை ஓடிவிட்டான். அங்கே கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"எங்கப்பா போற?" என்றார் மேடம் மெதுவாக.

அவன் திரும்பாமலே கேட்டான்: "தையல் கிளாஸ் எந்தப் பக்கம் மேடம்?"