பங்காளி மரம்

“பையைத் தூக்குட்டி. ஏழு மணி பஸ்ஸுக்கு மூணு டிக்கெட் போட்டாச்சு.”

வாடகை அறையின் வாசலிலேயே நின்றுகொண்டு சொன்னார் உச்சிமாகாளி. உள்ளே வந்து உட்காரக்கூட அவருக்கு மனசில்லை. இருங்காட்டுக்கோட்டையில் கார் உதிரிபாகக் கம்பெனியில் நான்கு வருடமாக வேலை பார்க்கும் மகளைத் திருநெல்வேலிப் பக்கத்து ஊருக்கே கூட்டிப்போக வந்திருந்தார். காரணம், அதே கம்பெனியில் வேலை பார்க்கும் அருள்பாண்டி. கட்டினால் அவனைத்தான் கட்டுவேன் என்று மகள் மாரிசெல்வி ஒற்றைக் காலில் நிற்கிறாள்.

“அவன் பூட்டன் நம்ம குலசாமி சாஸ்தா கோயில் பங்காளின்னு ஊருக்குள்ள பேசுதாவ. ஒரே சாஸ்தான்னா அண்ணன் தங்கச்சி முறைல்லா? அண்ணனைக் கட்டுவியாட்டி?”

“பேசுதாவ, பேசுதாவ! யாரு பாத்தா?” மாரிசெல்வி பையைத் தொடவே இல்லை. “யப்பா, ஆறு மாசமா ஞாயித்துக்கிழமை ஓ.டி.ய விட்டுட்டு வம்சாவளி வகுப்புக்குப் போறேன். கோயில் நோட்டு, பழைய பதிவேடெல்லாம் தேடிப் பாத்து எழுதப் படிச்சிருக்கேன். இன்னைக்கு மண்ணூர்ல எங்க வம்சாவளிச் சங்கத்துக் கண்காட்சி. வந்து பாருங்க. பாத்துட்டு உங்க கையால என்ன எழுதுதீங்களோ, அதுக்குக் கட்டுப்படுதேன்.”

“மாற மாட்டியே?”

“உங்க மகதானே? மாற மாட்டேன்.”

அம்மா செல்வலட்சுமி மெல்ல வாயைத் திறந்தாள். “ஒரு எட்டுப் போய்ப் பாத்துட்டுத்தான் வருவோமேங்க.” இருபத்தேழு வருடத் தாம்பத்தியத்தில் அவள் பேச்சு இதற்கு மேல் நீண்டதே கிடையாது.

மண்ணூர் பள்ளிக்கூடத்து வகுப்பறையில் சுவர் முழுக்க சார்ட்டுகள். ஒருவர் ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்த்து எழுதியிருந்தார். இன்னொருவர் நாற்பது கல்யாணப் பத்திரிகைகளை ஒட்டி வைத்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்த அருள்பாண்டி, உச்சிமாகாளியைக் கண்டதும் ஜன்னல் ஓரமாக ஒதுங்கிக்கொண்டான்.

மாரிசெல்வி அப்பாவை நேராக ஒரு சார்ட்டின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். மேலே பெரிய எழுத்தில் இரண்டு பெயர்கள். பேச்சிமுத்து, அவர் தம்பி சுடலைமுத்து. பக்கத்தில் சாஸ்தா கோயிலின் 1931ஆம் வருடத்துத் தலைக்கட்டு வரி நோட்டு, நகல் எடுத்து ஒட்டியிருந்தது. ஒவ்வொரு பெயரின் கீழும் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டிரண்டு கட்டங்கள். அவற்றின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டி மூடியிருந்தது. கடைசிக் கட்டங்கள் இரண்டையும் கல்யாணத்தைக் குறிக்கும் ஒரு சிவப்புக் கோடு இணைத்தது.

“இது என்னம்மா, பேரெல்லாம் மூடிக் கெடக்கு?”

சங்கத்தின் செயலாளர் ஷாரோன் ஓடி வந்தாள். மண்ணூர்க்காரி, மாரிசெல்விக்கு லைன் சூப்பர்வைசரும்கூட. “உயிரோட கீறவங்க பேரைத் தாள் ஒட்டி மூடிடுவோம் சார். நாலு பேர் வந்து போற எடம்ல? அது சங்கத்து ரூலு.”

உச்சிமாகாளி தலையாட்டினார். மேலே இருந்த பெயரில் அவர் கண் குத்திட்டு நின்றது. “பேச்சிமுத்து எங்க தாத்தால்லா! இந்தச் சுடலைமுத்து யாரு?”

“உங்க தாத்தாவுக்குத் தம்பி,” என்றாள் மாரிசெல்வி. “ சண்டை போட்டுக்கிட்டு, பேரையும் மாத்திக்கிட்டு மில் வேலைக்குப் போனவரு. அதுக்குப் பொறவு நம்ம வீட்டுல அவரு பேரையே எடுக்கலை. அவரு பிள்ளைங்க வேற சாமியக் கும்பிட்டுக்கிட்டு சாஸ்தாவ மறந்துட்டாவ.”

“மறந்தா? மறந்துட்டா முறை மாறிருமாட்டி?” உச்சிமாகாளிக்கு வெற்றிக் களிப்பில் குரல் கிறீச்சிட்டது. “பாத்தியா, உன் கையாலயே எழுதி ஒட்டிட்ட! ரெண்டும் ஒரே ரத்தம்!”

சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கோபத்தில் இருக்கிற மனிதர் கட்டங்களையா எண்ணிக்கொண்டிருப்பார்? மேசையில் இருந்த கருத்து நோட்டை இழுத்தார். தாள் கிழிகிற மாதிரி அழுத்தி எழுதினார். ‘ஒரே சாஸ்தாவின் வாரிசுகளுக்குள் இந்தத் திருமணம் செல்லாது. பெண்ணை அவள் தகப்பன் வீட்டில் கொண்டுவிட வேண்டும். இப்படிக்கு, உச்சிமாகாளி.’

“போதுமா? இப்ப கட்டுப்படுவியா?”

“கட்டுப்படுதேம்ப்பா.” மாரிசெல்வியின் பார்வை தாழவில்லை. “இது எனக்கு மட்டுந்தானா, எல்லாருக்குமா?”

“சாஸ்தா முன்னால எல்லாரும் ஒண்ணுதான். என் தலையே போனாலும் மாத்த மாட்டேன்!”

“சரி. அருள்பாண்டி வீட்டு வம்ச மரம் அந்தச் சுவத்துல இருக்கு. ஏழு தலைமுறையிலயும் நம்ம சாஸ்தா இல்ல. ஊருல பேசுனதெல்லாம் வெறும் பேச்சு.” சொல்லிக்கொண்டே சிவப்புக் கோட்டின் இரு முனையிலும் இருந்த வெள்ளைத் தாள்களை உரித்தாள். “நீங்க தீர்ப்பு எழுதுனது வேற மரத்துக்கு.”

இடது கட்டத்தில் ‘உச்சிமாகாளி’ என்று இருந்தது. வலது கட்டத்தில், ‘செல்வலட்சுமி’.

செல்வலட்சுமி கருத்து நோட்டை எடுத்து ஒருமுறை நிதானமாகப் படித்தாள். பிறகு தன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கணவரைப் பார்த்துச் சொன்னாள்:

“ஏழு மணி பஸ்ஸுக்கு நான் வாரேன். எங்க அப்பா வீட்டுல இறக்கி விட்டுருங்க, அண்ணே.”