மதர்போர்டு மட்டும்

"செத்துப் போனதுக்கு ஏன் தம்பி ஊசி போடுறீங்க? தூக்கிக் குப்பையில போடுங்க லா!"

சொல்லிவிட்டு ஜெயபாலன் தானே சிரித்துக்கொண்டார். ஈப்போவின் அந்தக் கணினிக் கடையில் வேறு யாரும் சிரிக்கவில்லை. கடைக்காரன் ஷாஃபி, பக்கத் தகடு கழற்றிய கணினிக்குள் டார்ச் அடித்துக்கொண்டிருந்தான். ஜெயபாலனின் மனைவி ஷர்மினி, டாக்டர் முகத்தைப் பார்ப்பதுபோல் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மதர்போர்டு போச்சுக்கா. உள்ள என்னமோ கொட்டியிருக்கு. பிசுபிசுன்னு இருக்கு பாருங்க."

"கொட்டாம என்ன செய்யும்? திங்கிறது, குடிக்கிறது எல்லாத்தையும் மேசை மேல பரப்பி வெச்சிட்டுத்தான் இவ வேலை பாப்பா. பெரிய முதலாளியம்மா இல்ல?" என்றார் ஜெயபாலன்.

ஷர்மினி ஷாஃபியின் பக்கமே திரும்பியிருந்தாள். "ஹார்ட் டிஸ்க் எப்படி தம்பி?" என்று மட்டும் கேட்டாள்.

"அது நல்லாத்தான் இருக்கு. புது போர்டு மாட்டி, இதே டிஸ்க்க சொருகிப் பாக்கலாம். பழைய விண்டோஸ் அப்படியே ஏந்திரிச்சிட்டா உங்க புரோகிராம் எல்லாம் இருந்த மாதிரியே இருக்கும். ஏந்திரிக்கலன்னா புது விண்டோஸ்தான் போடணும். புரோகிராமையும் திரும்ப ஏத்தணும்."

ஷர்மினியின் பயமெல்லாம் அதில்தான் இருந்தது. அவளுடைய எம்பிராய்டரி மெஷினுக்கான புரோகிராமை விற்ற கோலாலம்பூர்க் கடையை எப்போதோ இழுத்து மூடியாயிற்று. இனி வாங்கவும் முடியாது, ஏற்றவும் முடியாது. அவள் வருடக்கணக்காக வரைந்து சேர்த்த மயிலும் மாங்காயும் கொடியும் வேறு எதிலும் திறக்காது. தீபாவளி பிளவுஸ்கள் வீட்டில் வெட்டிப் போட்டபடி கிடக்கின்றன.

"தம்பி, நான் கமுந்திங்ல எலக்ட்ரானிக் பேக்டரி சூப்பர்வைசர்," என்று நிமிர்ந்து உட்கார்ந்தார் ஜெயபாலன். "இந்த மாதிரி போர்டு எல்லாம் என் கை வழியாத்தான் வெளிய போவுது. போர்டுதான் மூளை. அது போனா எல்லாம் போச்சு. எங்கிட்டயே கதை விடுறீங்களே!"

"விண்டோஸ் போர்டுல இருக்காது அண்ணே. டிஸ்க்ல இருக்கு."

"ஆமா, இவரு கண்டாரு."

ஜெயபாலன் மனைவி பக்கம் திரும்பினார். குரலில் கொஞ்சம் பாசத்தைக் கலந்துகொண்டார். "விட்டுத் தொலை ஷர்மினி. நல்லதா ஒரு லேப்டாப் வாங்கித் தரேன். படம் பாரு, சமையல் பாரு. ஊசி நூல் கம்பெனி நடத்தினது போதும்."

'ஊசி நூல் கம்பெனி' என்பது அவர் வைத்த பெயர். ஆரம்பத்தில் அதைச் சொன்னால் சொந்தக்காரர்கள் எல்லாரும் சிரிப்பார்கள். இப்போது யாரும் சிரிப்பதில்லை. ரப்பர் தோட்டத்தை அழித்துக் கட்டிய சுங்கை சிப்புட் தாமான் குடியிருப்பில், அவர்கள் வீட்டு வாசலுக்குச் செமோரிலிருந்தும் ஈப்போவிலிருந்தும் பெண்கள் கார் போட்டுக்கொண்டு வருகிறார்கள். போன மாதம் ஒரு கல்யாணத்தில், "இவருதான் பிளவுஸ் அக்கா வீட்டுக்காரரு," என்று யாரோ அவரை அறிமுகப்படுத்தினார்கள். அன்றைக்கு அவர் பாதிச் சாப்பாட்டிலேயே எழுந்து கைகழுவப் போய்விட்டார்.

இன்றைக்கு அவர் வருவதாகவே இல்லை. "நீங்களும் கூட வந்தே ஆகணும்," என்று ஷர்மினிதான் பிடிவாதமாக அழைத்து வந்திருந்தாள்.

"மாட்டுங்க தம்பி. இருந்து பாத்துட்டே போறோம்," என்றாள் அவள்.

ஷாஃபி மாட்டத் தொடங்கினான். அவன் ஒவ்வொரு திருகாணியை முடுக்கும்போதும் ஜெயபாலன் ஏதாவது சொன்னார். "கூரை மாத்துற மாதிரி மூளைய மாத்துறாரு பாரு." "இது ஏந்திரிச்சா நான் மீசைய எடுத்துடுறேன்." கடைசியில் ஷாஃபி சுவிட்சைத் தட்டினான்.

திரை கறுப்பாகவே இருந்தது. ஒரு வெள்ளை வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு அதுவும் அணைந்து போனது.

"நான் சொன்னேன்ல?" ஜெயபாலன் தொடையைத் தட்டினார்.

"புது போர்டுக்கு வேண்டியத அதுவே தேடுது அண்ணே. ஒருக்கா அணைஞ்சுதான் வரும்."

ஷர்மினியின் கை கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தது. மறுபடி வட்டம். மறுபடி கறுப்பு. சட்டென்று திரை முழுக்க வெளிச்சம் வந்தது. அவள் வைத்திருந்த செம்பருத்திப் படம். அதன்மேல் அவளுடைய பழைய ஐகான்கள், இருந்த இடத்திலேயே.

"தொறந்து பாருங்கக்கா," என்று ஷாஃபி மவுஸை அவள் பக்கம் நகர்த்தினான்.

அவள் எம்பிராய்டரி புரோகிராமைத் திறந்தாள். பாதி வரைந்து விட்டிருந்த மயில், தோகையை விரித்தபடி வந்து நின்றது. ஷர்மினி உதட்டைக் கடித்துக்கொண்டாள். கண்ணீர் மட்டும் நிற்கவில்லை.

"விண்டோஸ் ஆக்டிவேஷன் ஒண்ணுதான் பாக்கி. உங்க அக்கவுண்ட்ல போயி சரி பண்ணிடலாம்," என்றான் ஷாஃபி.

"என்னமோ அதிர்ஷ்டம் லா," என்றார் ஜெயபாலன். மீசையை ஒருமுறை தடவிக்கொண்டார்.

வேலை முடிந்ததும் கணினியை அவர்தான் தூக்கிக்கொண்டு போய்க் காரின் பின் இருக்கையில் வைத்தார். ஷர்மினி முன்னால் ஏறி, பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, நிதானமாகக் கண்ணைத் துடைத்தாள்.

"என்னங்க."

"என்ன?"

"போன வெள்ளிக்கிழம நான் கோயிலுக்குப் போன நேரம் பாத்து என் கம்ப்யூட்டருக்குள்ள கோப்பிய ஊத்துனீங்களே... அடுத்த தடவ சீனி போடாம ஊத்துங்க. எறும்பு வந்து காட்டிக் குடுத்துடுது."